பக்கத்தில் யாரும் வராத வண்டி

எக்ஸ்ரேக்காரருக்கு வேகத்தின் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. மனிதர்களை அசையாமல் படுக்க வைப்பதுதான் அவர் தொழில். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு "மூச்சைப் பிடிங்க", "விடுங்க" என்று சொல்வார். வேலை நாளில் அவர் பேசுவதில் முக்கால்வாசி இந்த இரண்டும்தான். வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, விலா எலும்பைப் பார்ப்பார்.

வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போனவள். குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள், நின்றது. பல் முளைக்கட்டும் என்றாள், முளைத்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். பேரன் வளர்வதைத் தடுக்கவா முடியும்? தொலைபேசியில் அவள் அவரைப் பற்றி விசாரிப்பாள், பின்னால் குழந்தை அழும், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே அவர் மன்றத்தில் சேர்ந்தார். அது டிரையத்லான் மன்றம். நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கி, ஓடி, நடுவில் உட்காராமல் மூன்றையும் முடிக்கிற பந்தயத்துக்கு ஆட்களைத் தயார் செய்யும் இடம். அவருக்குப் பந்தயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசல் பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். அதில் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மன்றத்தின் ரோடு பைக் பிரிவு புறப்படும். வளைந்த பிடி போட்ட, யாரும் பார்த்திருக்கக்கூடிய பந்தய சைக்கிள்கள். இரண்டிரண்டு பேராக நீள வரிசையில் போவார்கள். முன்னால் போகிறவர்கள் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார்கள், பின்னால் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சுகம். களைத்தால் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவர் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் இன்னொருவர் நீட்டுவார். எக்ஸ்ரேக்காரருக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். அகலமான ஆள். விடிவதற்கு முன்பே அடுப்பு வேலையை முடித்துவிட்டு, முழங்கையில் மாவோடு வருவார்.

இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. "இன்னிக்கு மாவு சரியாப் பொங்கல," என்பார் ரொட்டிக்கடைக்காரர். ஒரு பாலம், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மேடு எல்லாம் தாண்டிய பிறகு எக்ஸ்ரேக்காரர், "குளிர் ஜாஸ்தியா இருந்திருக்கும்," என்பார். அன்றைய பேச்சு அவ்வளவுதான். நடுவில் இரண்டு சங்கிலிகள் ஓடுகிற சத்தம். ஆனால் அந்தச் சத்தத்துக்காகவே எக்ஸ்ரேக்காரர் சனிக்கிழமை சீக்கிரம் படுத்துக்கொள்வார். அறையில் தனியாக மௌனமாக இருப்பதும், இன்னொருவர் பக்கத்தில் மௌனமாக இருப்பதும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி வேறு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்த நிலையில் ரொட்டிக்கடைக்காரரின் மகன்கள் அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு டிரையத்லான் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அதுவும் சைக்கிள்தான் என்றாலும், அதைச் சைக்கிள் என்று சொன்னால் மன்றத்தில் கோபப்படுவார்கள். முன்பக்கம் இரண்டு கம்பிகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கைகளை அவற்றின் மேல் ஊன்றி, கைகளைச் சேர்த்து நீட்டி, ஏறக்குறையக் குப்புறப் படுத்தபடி மிதிக்க வேண்டும். காற்றுக்கு ஆளே தெரியாது. பிரேக்கோ வேறு பிடியில், கை எட்டாத இடத்தில் இருக்கும். அதனால் கொம்பு வண்டிக்காரர்கள் ரோடு பைக் வரிசையில் கலக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. நியாயமான விதிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டிக்கடைக்காரர், கொம்பு வண்டிக்காரர்களுக்கென்று இருந்த மேல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்தப் பிரிவு வேறு நேரத்தில், வேறு வாசல் வழியாகப் புறப்பட்டது. ரோடு பைக் வரிசையில் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனது. எக்ஸ்ரேக்காரரைக் கடைசியில் தனியாக விட்டார்கள்.

இரண்டு ஞாயிறு அப்படிப் போனார். பிறகு கடைக்கே போய்ப் பார்த்தார். கல்லாவுக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரர், இந்தப் பக்கம் இவர். பின்னால் வரிசை. "வண்டி எப்படி இருக்கு?" என்றார் இவர். "நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். எதிரெதிரே நின்று பேச இருவருக்கும் பழக்கமில்லை. ஒரு ஆள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? பின்னால் நின்ற அம்மாள் செருமினாள். தேவையில்லாத ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரேக்காரர் வெளியே வந்தார். தெருவில் நின்று யோசித்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. தானும் ஒரு கொம்பு வண்டி வாங்கிவிட வேண்டும். ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒன்றாகத்தானே போவார்கள் என்பது அவர் நினைப்பு.

மனைவியிடம் சொன்னார்.

"உங்ககிட்டதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?"

"இது வேற மாதிரி."

"வேகமாப் போகுமா?"

"போகுமாம்."

"வேகமாப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று அவள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் அங்கே ஏதோ பாத்திரம் விழுந்தது.

கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வண்டி வாங்க மன்றம் யாரையும் அனுமதிப்பதில்லை. மேம்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் முன் போய் உட்கார வேண்டும். தலைவர் பல் டாக்டர். செயலாளர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர். மூன்றாமவர் காற்று நிபுணர். ஏசி கடை வைத்திருப்பதால் காற்றைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று பொதுக்குழுவில் முடிவாகியிருந்தது.

எதற்காக மாற விரும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி. எக்ஸ்ரேக்காரர் உள்ளதைச் சொன்னார். "ரொட்டிக்கடைக்காரர் கூடப் போகணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளரின் கண் கலங்கிவிட்டது.

"அவரை முந்தணும்னு பச்சையா சொல்ல மாட்டேங்கறீங்க. அடக்கம். ஆனா அந்த வெறி எங்களுக்குப் புரியுது," என்றார் தலைவர். "ஒருத்தரைக் குறி வச்சு அவரை மண்ணைக் கவ்வ வைக்கணும். இந்த மன்றமே அப்படித்தான் ஆரம்பிச்சுது. நானும் என் தம்பியும்தான் ஆரம்பிச்சோம். இப்ப நாங்க பேசறதில்ல."

எக்ஸ்ரேக்காரர் மறுக்க வாயெடுத்தார். குழு அதற்குள் ஒப்புதல் முத்திரை குத்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

இருக்கிற ரோடு பைக்கிலேயே கொம்பை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் ஒரு ஆள் சொன்னாரே, அது போதாதா என்று அவர் பணிவாகக் கேட்டார். அறையில் ஒரு அமைதி விழுந்தது. எக்ஸ்ரேக்காரர் அமைதிகளை அறிந்தவர். இது நல்ல அமைதி இல்லை. போன வருஷம் ஒரு கணக்கு வாத்தியார் அப்படி மாட்டிக்கொண்டு வந்தார் என்று செயலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார். ரோடு பைக்காரர்கள் அவரைச் சேர்க்கவில்லை, கொம்பு இருந்தது. கொம்பு வண்டிக்காரர்களும் சேர்க்கவில்லை, அது ஒட்டுக்கொம்பு. மனிதர் இப்போது எங்கேயோ தனியாக ஓட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதைச் சொல்லும்போது மூவரும், காலமானவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி, தரையைப் பார்த்தார்கள்.

அடுத்து காற்றுப் பரிசோதனை. அதற்கென்று சுரங்கம் மாதிரி கூடங்கள் உலகத்தில் உண்டு. மன்றத்திடம் இருந்தது ஒரு உயரமான மின்விசிறி. எக்ஸ்ரேக்காரரை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் குப்புறக் கவிழ்த்து, உடம்பு முழுக்கக் காகிதத் துணுக்குகளை ஒட்டினார்கள். எந்தத் துணுக்கு அதிகம் படபடக்கிறதோ அந்த இடம் காற்றைத் தடுக்கிறது என்று அர்த்தம். விசிறியைப் போட்டார்கள். தோள் பரவாயில்லை. இடுப்பு பரவாயில்லை. இரண்டு காதுகளிலும் ஒட்டிய காகிதம் கொடி மாதிரி அடித்துக்கொண்டது.

"காது பெரிசு," என்றார் காற்று நிபுணர்.

"எங்க அப்பா காது," என்றார் எக்ஸ்ரேக்காரர், மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

காதுகளை என்ன செய்வது என்று அரை மணி நேரம் பேசினார்கள். டேப் போட்டு ஒட்டலாம் என்றார் ஒருவர். ஹெல்மெட் அமுக்கிவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் காது விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் அதே நிலையில்தான் கிடந்தார். தன் மேஜையில் படுத்தவர்களெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று முதல் தடவையாக யோசித்தார். இவருக்குக் கூரையும் இல்லை, தரைதான்.

பிறகு வண்டித் தேர்வு. மூன்று வண்டிகளை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து அவரை ஏற்றினார்கள்.

முதல் வண்டியில் எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார் செயலாளர். இல்லை என்றார். அதை உடனே அப்புறப்படுத்தினார்கள். இரண்டாவதில் தோள் கொஞ்சம் வலித்தது. முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். மூன்றாவதில் கழுத்து, முதுகு, இருக்கையின் முன்நுனி படுகிற இடம் எல்லாம் சேர்ந்து வலித்தன.

"இதுதான் உங்க வண்டி," என்றார் தலைவர். "பாருங்க, உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு."

அந்த வண்டியின் வசதிகளைச் செயலாளர் பெருமையோடு விளக்கினார். இரண்டு கைகளுக்கும் நடுவில் தண்ணீர்ப் புட்டி, அதிலிருந்து வாய் வரைக்கும் ஒரு குழாய். வண்டியின் வயிற்றுக்குள் தின்பண்டப் பெட்டி. இருக்கைக்குப் பின்னால் பஞ்சர் சாமான். "இனிமே நீங்க யார்கிட்டயும் எதுவும் கேட்க வேண்டிய அவசியமே வராது," என்றார். "யாரும் உங்ககிட்டயும் கேட்க மாட்டாங்க."

எக்ஸ்ரேக்காரர் கவிழ்ந்தபடியே ஒரு சந்தேகம் கேட்டார். தலையைத் தூக்கினால் கழுத்து வலிக்கிறது, கீழே போட்டால் முன்சக்கரம் மட்டும்தான் தெரிகிறது. முன்னால் யாராவது இருந்தால் எப்படித் தெரியும்?

"முன்னால யாரும் இருக்கக் கூடாது," என்றார் தலைவர் பொறுமையாக. "அதுக்குத்தானே இந்த வண்டி. நான் இதை வாங்கினப்புறம் எனக்கு எப்படி ஒரு கவனம் வந்துச்சு தெரியுமா? என் வீட்டம்மா வீட்டை விட்டுப் போயிருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதுவும் துவைக்காத துணி சேர்ந்ததுனால. அப்படி ஒரு ஒருமுகம். அது ரோடு பைக்ல வராது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எக்ஸ்ரேக்காரரும் ஆட்டினார், அந்த நிலையில் தலை அப்படித்தான் ஆடும்.

போகும்போது, பிடிக்காவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்பலாமா என்று கேட்டுவைத்தார். மேம்பாட்டுக்குத்தான் விதி இருக்கிறது, திரும்புவதற்கு யாரும் இதுவரை விதி எழுதவில்லை என்றார் செயலாளர். அதற்குத் தேவை வந்ததில்லையாம்.

புது வண்டியோடு போன முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வழுக்கும் துணியில் தைத்த இறுக்கமான பந்தயச் சட்டை அது, இஸ்திரி தேவையே இல்லை. இருந்தாலும் போட்டார்.

மேல் பிரிவு மன்றத்தின் பின்பக்க வண்டி நிறுத்துமிடத்தில் கூடியிருந்தது. கூடியிருந்தது என்று சொல்வது தப்பு. ஆளுக்கொரு மூலையில், சுவரைப் பார்த்தபடி, ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. துளி வடிவ ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்ததால் யார் யாரென்றும் தெரியவில்லை. அகலத்தை வைத்து ரொட்டிக்கடைக்காரரைக் கண்டுபிடித்தார். அவரும் இவரைப் பார்த்துவிட்டார். காதை வைத்தாக இருக்கும். அவர் கையைத் தூக்குவதற்குள் செயலாளர் விசில் ஊதினார்.

ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்பினார்கள். அப்போதுதான் எக்ஸ்ரேக்காரருக்கு அந்த விதி தெரிந்தது. பந்தயத்தில் ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர் இருக்க வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துக் கொடுத்துவிடுவார், அது ஏமாற்று. முந்துவதானால் சட்டென்று முந்திவிட வேண்டும், பக்கத்தில் தங்கக் கூடாது. பந்தயத்தில் அப்படியென்றால் பயிற்சியிலும் அப்படித்தான் என்று மன்றம் தீர்மானித்து, பன்னிரண்டு போதாது என்று இன்னும் கூட்டி வைத்திருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் முதலில் கிளம்பினார். எக்ஸ்ரேக்காரர் கடைசியில். பாலம் வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, மேடு வந்தது. மேட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்து மறைந்தது. அதுதான் அவராக இருக்கும். எதிர்காற்று முழுவதும் இவர் காதில்தான் அடித்தது. குழாயை உறிஞ்சித் தண்ணீர் குடித்தார். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை.

மாதக்கணக்கில் அப்படியே போனது. முடிந்து வந்து பார்த்தால் ரொட்டிக்கடைக்காரர் தூங்கப் போயிருப்பார். இவர் வண்டியைத் துடைத்து, வீட்டுக் கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைப்பார். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில சாயங்காலங்களில் அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாம் சரியாகப் போகிறதா என்று மனைவி கேட்டபோது, வேகம் கூடியிருக்கிறது என்று உண்மையைச் சொன்னார்.

வருஷாந்தரப் பந்தயம் வந்தது. தொடங்குவதற்கு முன் தலைவர் பேசினார். "நாம எல்லாரும் ஒரு குடும்பம்," என்றார். "அதனால யாரும் யாருக்கும் உதவக் கூடாது. பக்கத்துல ஒருத்தன் விழுந்தா, அவனைப் பார்க்கறதுக்கு நீங்க திரும்பற அந்த ஒரு நொடி இருக்கே, அதுதான் உங்க வாழ்க்கையில நீங்க இழந்த நொடி. எனக்குத் தெரியும். நான் திரும்பினதே இல்ல." கைதட்டினார்கள். எக்ஸ்ரேக்காரர் கூட்டத்தில் ரொட்டிக்கடைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரே மாதிரி ரப்பர்த் தொப்பியில் எல்லாத் தலையும் ஒன்றாக இருந்தது.

நீந்தினார். தண்ணீருக்குள் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கரையேறி, வண்டியை எடுத்து, கொம்பில் கவிழ்ந்தார். மிதிக்க மிதிக்க அவருக்குள் ஒரு பிடிவாதம் கிளம்பியது. கழுத்து வலியைப் பார்க்காமல் தலையைத் தூக்கிப் பார்த்தார். தூரத்தில் அந்த அகலமான முதுகு. ரொட்டிக்கடைக்காரர் நன்றாக நீந்துகிறவர், ஆனால் மேட்டில் மெதுவாக ஏறுகிறவர். மன்றம் ஆசீர்வதித்துக் கொடுத்த அத்தனை வேகத்தையும் எக்ஸ்ரேக்காரர் அன்றுதான் முதல் தடவையாக ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு மீட்டர் கோடு எங்கே இருக்கிறதோ, அதைத் தாண்டினார். பக்கத்தில் போனார். முந்துகிற வேகம் இருந்தது. முந்தவில்லை. கொம்பை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்து, சக்கரத்துக்குச் சக்கரம் சேர்த்துக்கொண்டார்.

ரொட்டிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டீங்களா," என்றார்.

இரண்டு சங்கிலிகளும் ஓடிக்கொண்டிருந்தன. வேறு பேச்சில்லை. பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்கள். கொஞ்ச தூரத்தில் மோட்டார் சைக்கிளில் நடுவர் வந்து சேர்ந்தார். பின் இருக்கையில் விசிலோடு உட்கார்ந்திருந்த அந்த நடுவர் காற்று நிபுணர்தான்.

"முந்துங்க. இல்ல பின்னால போங்க," என்றார் அவர். "ரெண்டுல ஒண்ணு."

இருவரும் எதையும் செய்யவில்லை.

"கூட ஒருத்தர் இருக்கறதால கிடைக்கற உதவி சட்டப்படி குத்தம். உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"யாரு யாருக்கு உதவறீங்க?"

அதுதான் தெரியவில்லை என்று ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். காற்று நிபுணர் குழம்பிப்போனார். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவனைப் பிடிக்கலாம். பக்கத்தில் போனால் யாரைப் பிடிப்பது? மோட்டார் சைக்கிளை ஓட்டியவரிடம் யோசனை கேட்டார். கடைசியில் இரண்டு பேருக்கும் அட்டையைக் காட்டினார். வழியில் இருக்கிற தண்டனைக் கூடாரத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும்.

கூடாரம் ஒரு வேலியோரத்தில் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன், நிறுத்துகடிகாரத்தோடு ஒரு வயதான அதிகாரி. ரிட்டயர் ஆன பஸ் செக்கர் அவர். இவர்கள் வண்டியைச் சாய்த்துவிட்டு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வருஷா வருஷம் இந்த வேலையை அவருக்குத்தான் கொடுக்கிறார்களாம். இதுவரை யாரும் வந்ததில்லையாம். எல்லாரும் ஒழுங்காகத் தள்ளித் தள்ளியே போய்விடுகிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் காலையிலேயே வந்து நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிடுவாராம். இதையெல்லாம் அவர்கள் கேட்காமலே சொன்னார். பிறகு பதவி நினைவுக்கு வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"நீங்க இங்க தண்டனை அனுபவிக்கறீங்க," என்றார். "உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் சாலையைப் பார்த்து இருந்தன.

"பேசலாமா?" என்று எக்ஸ்ரேக்காரர் கேட்டார்.

"பேசக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்," என்றார் அதிகாரி. நிறுத்துகடிகாரத்தை அழுத்தினார்.

சாலையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நடுவே சரியான இடைவெளி. கவிழ்ந்த முதுகுகள், கூரான தலைகள். தலைவர் போனார். இவர்கள் பக்கம் திரும்பவில்லை. செயலாளர் போனார். காற்று கூடாரத்தின் துணியைக் கொஞ்சம் உப்ப வைத்துவிட்டு அடங்கியது. அதிகாரி இரண்டு கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் பாதி குடித்துவிட்டு, வெகுநேரம் கழித்து, "இங்க நல்ல நிழல்," என்றார்.

எக்ஸ்ரேக்காரர் பதில் சொல்ல அவசரப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் வந்து படுத்தது.

"ஆமா," என்றார்.

நிறுத்துகடிகாரம் கூவியது. நேரம் முடிந்துவிட்டது, இனி போகலாம் என்று அதிகாரி அறிவித்தார். இருவரும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, போகலாம் என்று மறுபடி சொன்னார். சாலை காலியாகிக்கொண்டிருந்தது.

"எழுந்திருக்கலைன்னா, உத்தரவை மீறினதுக்கு நான் இன்னொரு அஞ்சு நிமிஷம் போட வேண்டி வரும்," என்றார் அவர், குரலை உயர்த்தி.

இருவரையும் ஒரு தடவை பார்த்தார். தன் நாற்காலியைத் தூக்கி வந்து, எக்ஸ்ரேக்காரருக்கு இந்தப் பக்கம், சாலையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்தை மறுபடி அழுத்தினார்.